நெருக்குதலில் நிற்கும் பந்தெறிவோன்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ‘கால்பந்து’ என்று வழங்கும் ஆட்டத்தில் காலுக்குள்ள வேலை மிகச் சிறிதே. முட்டை வடிவத் தோற்பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், கையால் எறிவதும், எதிரியைத் தோளால் மோதி வீழ்த்துவதுமே அங்கு ஆட்டம். நம்மவர்க்குக் கால்பந்து என்றால் கொல்கத்தா மைதானம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மகனோ, மருமகளோ, பேரனோ அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயில்வதைக் காண்கிறோம். அவர்கள் அனுப்பும் செய்திகளில் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிய ஒரு வரியேனும் இருக்கும். ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,000 பேருக்கு மேல் அமரலாம். மாணவர் ஆடும் ஆட்டத்திற்கு இத்தனை பெரிய அரங்கு எதற்கு என்று வியப்போர்க்கும், தொலைக்காட்சியில் அவ்வாட்டத்தைக் கண்டு ஒன்றும் விளங்காமல் திகைத்தோர்க்கும் அதன் உயிர்நிலையான ஒரு கேள்வியை இங்கு விளக்க விரும்புகிறேன். நாற்புறமும் எதிரிகள் பாய்ந்து வரும்போது நடுவில் நிற்கும் அந்த ஓர் இளைஞனின் திறமையை எவ்வாறு அளப்பது என்பதே அக்கேள்வி.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். இரு முனைகளிலும் உள்ள இலக்குப் பகுதிகளை நீக்கினால் ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். ஒவ்வோர் அணியிலும் ஒரு சமயத்தில் 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை உடைய அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்நான்கிற்குள் பத்துக் கஜமேனும் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்வரிசையின் நடுவே குனிந்து நிற்பவன் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அனுப்புவதுடன் ஒவ்வொரு வாய்ப்பும் தொடங்குகிறது. அதைப் பெறுகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். வரிசைக்குப் பின்னால் நிற்போரை, அவர்கள் நிற்கும் தூரத்தைக் கொண்டு முழு, அரை, கால் என்று பகுத்த பழைய வழக்கத்திலிருந்து பிறந்த பெயர் அது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான்; ‘காற்பின்னோன்’ என்று எழுதினால் இலக்கணம் பிழைக்கும், பொருள் பிழைக்காது. ஆகவே ‘பந்தெறிவோன்’ என்றே வழங்குவேன். அவன் தலையாய வேலை அதுவே. பந்தை முன்னோக்கி எறிவதை விதிகள் அனுமதித்தது 1906ஆம் ஆண்டில்தான். அன்று முதல் ஆட்டத்தின் பாரம் சிறிது சிறிதாக இவன் தோள்மீது ஏறலாயிற்று.

இவனுக்கு முன்னால் பருத்த உடலுடைய காவலர் ஐவர் நிற்கின்றனர். எதிரணியினர் வழக்கமாக நால்வரை இவன்மீது பாயவிட்டு, எஞ்சிய எழுவரைக் கொண்டு, பந்தை ஏற்க ஓடுவோரைப் பின்தொடர்வர். காவலர் ஐவரும் எதிரிகளைத் தடுத்துப் பிடித்திருக்கும் சிறு வெளியில் இவன் நின்று, எவன் தனித்திருக்கிறான் என்று பார்த்து, எறிய வேண்டும். இதற்குக் கிடைக்கும் நேரம் இரண்டரை விநாடி. மிஞ்சினால் மூன்று விநாடி. வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளனுக்குக் கிடைப்பது இதனினும் குறைந்த நேரமே என்று கிரிக்கெட் அன்பர்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் மட்டையாளன் பார்க்க வேண்டியது தன்னை நோக்கி வரும் பந்து ஒன்றை மட்டுமே. இவனோ இருபது முப்பது கஜத்துக்கு அப்பால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தோழரைக் கண்ணால் தொடர்ந்தபடியே, கைக்கெட்டும் தூரத்தில் பாயும் எதிரியை உடலால் உணர வேண்டும். சடுகுடு ஆடியவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். கோட்டைத் தாண்டிப் போனவன் எதிரே நிற்பவனைப் பார்த்துக்கொண்டே, பின்னால் வளைக்க வரும் சங்கிலியையும் அறிந்திருக்க வேண்டுமல்லவா?

எறிவதற்கு முன்பே, வரிசைக்குப் பின்னால் அவனை வீழ்த்திவிட்டால் அதற்கு ‘ஸாக்’ என்று பெயர். நகரைச் சூறையாடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியில் ஆடிய டீக்கன் ஜோன்ஸ் என்பவரே இதை வழக்கிற்குக் கொணர்ந்தார் என்பர். தமிழில் ‘சாக்கு’ என்றால் கோணிப்பை என்றும், போலிக் காரணம் என்றும் இரு பொருள் உண்டு. பின்னதை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்கலாம். நால்வருக்குப் பதில் ஐவரோ அறுவரோ பாய்ந்தால் அதற்கு ‘பிளிட்ஸ்’ என்று பெயர். மின்னலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது.

கல்லூரி மாணவன் ஒருவனை இந்த நுணுக்கத்தோடு எடைபோடுவானேன்? தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் தேசியக் கால்பந்துச் சங்கத்தில் இன்று 32 அணிகள் உள்ளன. 1936ஆம் ஆண்டு முதல், ஆண்டுதோறும் அவை முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்திய பருவத்தில் மிகவும் தோற்ற அணிக்கே முதல் உரிமை. அந்த முதல் உரிமையை ஒரு பந்தெறிவோனுக்குச் செலவிட்டு, அவன் பொய்த்துப் போனால் அணி பல ஆண்டுகளுக்குத் தலைதூக்காது. பயிற்சியாளர் வேலை இழப்பர். அணிக்கு நேரும் இழப்பு பெரிது. இளைஞனுக்கு நேர்வது அதனினும் பெரிது. 120 கிலோ எடையுள்ளவர்கள் நாள்தோறும் மேலே விழுந்தால் தோளும் முழங்காலும் என்னவாகும்? 1985 நவம்பரில் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மன், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தியபோது கால் எலும்பு முறிந்து, மீண்டும் ஆடவே இல்லை. அதை நாடெங்கும் தொலைக்காட்சியில் கண்டனர். நெருக்குதலைச் சமாளிக்கும் திறமை என்பது ஓர் அலங்காரக் குணமன்று. ஓர் இளைஞன் எத்தனை ஆண்டு பிழைப்பு நடத்துவான் என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் என்னும் புதிய அணி களமிறங்கியது. தன் முதல் தேர்வாக, அவ்வாண்டின் தேர்வு அனைத்திலும் முதலாவதாக, ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் காரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரே பருவத்தில் அவர் 76 முறை வீழ்த்தப்பட்டார். சங்கத்தின் வரலாற்றில் ஒரு பருவத்தில் எவரும் அத்தனை முறை வீழ்ந்ததில்லை. காவலர் வரிசை அப்போதுதான் திரட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் 76 முறையும் காவலரே பிழை செய்தனரா? சில சமயங்களில் அவரே பந்தைத் தேவைக்கு மேல் வைத்திருந்தாரா? ஆட்டத்தைப் பயில்வோர் இன்றும் இதைப் பற்றி வாதிடுவதுண்டு. மேற்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் வீழ்ச்சிகளுக்குள் வெவ்வேறு காரணங்கள் உறங்குகின்றன. அவற்றைப் பிரித்தறிவதே மதிப்பீட்டின் முதல் வேலை.

கணக்கேடும் இங்கு நம்மைச் சற்று ஏய்க்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் ஸாக்கினால் இழந்த கஜங்களை அணியின் எறிதல் கணக்கிலிருந்து கழிக்கின்றனர். கல்லூரி ஆட்டத்திலோ அதை ஓட்டக் கணக்கில் கழிக்கின்றனர். பந்துடன் ஓடிப் பின்னடைந்ததாகப் பொருள் கொள்ளும் மரபு. இதனால், மாணவன் ஒருவன் ஆண்டு முழுவதும் மண்ணில் உருண்டிருப்பினும் அவன் எறிதல் ஏடு மாசற்று விளங்கும். ஸாக் என்பதைத் தனியாக எண்ணும் வழக்கமே தேசியச் சங்கத்தில் 1982இல்தான் முறையாகத் தொடங்கியது. ஆகவே ஏட்டை மட்டும் நம்புவோர் பாதி ஆட்டத்தைப் பார்க்காதவர். 22 பேரையும் உயரத்திலிருந்து ஒருசேரக் காட்டும் படப்பதிவை ஓட்டி, நிறுத்தி, மீண்டும் ஓட்டிப் பார்ப்பதே தேர்வாளரின் தொழில்.

அவ்வாறு பார்க்கும்போது, நெருக்குதல் எங்கிருந்து பிறந்தது என்று முதலில் கேட்க வேண்டும். காவலன் ஒருவன் ஒன்றரை விநாடியில் தோற்றுப்போனால் அதற்குப் பந்தெறிவோனைக் குறைகூற இடமில்லை. ஆனால் எதிரிகள் அறுவர் பாய, தடுப்போர் ஐவரே இருந்தால், தடுக்கப்படாத அந்த ஆறாமவன் யார் பொறுப்பு? பந்து கைக்கு வருமுன் எதிரிகள் நிற்கும் நிலையைக் கண்டு, ‘இன்னாரிடமிருந்து ஆபத்து’ என்று கைகாட்டிக் காவலைத் திருப்பி அமைப்பது தொழில்முறை ஆட்டத்தில் பெரும்பாலும் பந்தெறிவோனின் கடமை. கல்லூரி அணிகள் பலவற்றிலோ பயிற்சியாளர் ஓரத்தில் நின்று அட்டைகளையும் சைகைகளையும் காட்டி எல்லாவற்றையும் அமைத்துவிடுகிறார். மாணவன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்து, சொன்னதைச் செய்கிறான். இவனுடைய சொந்த அறிவு எவ்வளவு, கடன்பெற்ற அறிவு எவ்வளவு என்பதைப் படத்திலிருந்து மட்டும் பிரிப்பது கடினம்.

வானொலி நேயர்களுக்கு இங்கு ஒரு செய்தி சுவைக்கும். பயிற்சியாளரின் குரல் பந்தெறிவோனின் தலைக்கவசத்திலுள்ள சிறு வானொலிக் கருவி வழியே கேட்கும் முறை தொழில்முறை ஆட்டத்தில் 1994இல் வந்தது. கல்லூரி ஆட்டத்தின் உயர்பிரிவில் அது 2024இல்தான் அனுமதிக்கப்பட்டது. ஆட்டம் தொடங்கக் குறிக்கப்பட்ட நேரத்தில் 15 விநாடி எஞ்சியிருக்கும்போது அக்குரல் அடங்கிவிடும். அதன்பின் எதிரி நிலையை மாற்றிக்கொண்டால், இளைஞன் தன் கண்ணையே துணைகொள்ள வேண்டும். தேர்வாளர் கூர்ந்து நோக்க வேண்டியது அந்தப் பதினைந்து விநாடியை என்பது என் கருத்து.

நெருக்குதலின் மூன்றாவது பிறப்பிடம் பந்தெறிவோனே. முதல் தோழன் மறிக்கப்பட்டிருக்கிறான், இரண்டாமவனும் அவ்வாறே, இவன் மூன்றாமவனைத் தேடுகிறான், நான்கு விநாடி கடந்துவிடுகிறது. எந்தக் காவலனும் அத்தனை நேரம் தாங்கமாட்டான். இன்னும் சிலர், ஒருவரும் நெருங்காத போதே நெருங்கியதாக அஞ்சி, பாதுகாப்பான இடத்தை விட்டு ஓரமாக ஓடி, அங்கே வளைந்து வரும் எதிரியின் கையில் தாமே போய் விழுவர். படத்தில் பார்த்தால் காவலன் தன் எதிரியைச் சரியாகவே தடுத்து நிற்பான். தடுக்கப்பட்டவன் கையருகே பந்தெறிவோன் வந்து சேர்ந்திருப்பான்! இதைக் காவலன் பிழையாக எழுதிவைக்கும் கணக்கர்களும் உண்டு.

எங்கிருந்து பிறந்தது என்று கண்டபின், அவன் என்ன செய்தான் என்று பார்க்கலாம். இங்கு நான் கண்ணையும் காலையும் முதலிற் சொல்வேன். கையின் வலிமை அடுத்ததே. எதிரி நெருங்குவதை உணர்ந்தவுடன் சிலருடைய பார்வை தொலைவிலிருந்து இறங்கி அவ்வெதிரியின் மேல் நிலைத்துவிடும். பார்வை இறங்கிய கணமே அவ்வாய்ப்பு முடிந்தது எனலாம். தோழன் முப்பது கஜத்தில் தனித்து ஓடினாலும் இவனுக்குத் தெரியாது. நல்லவனின் தலை நிமிர்ந்தே இருக்கும். படத்தை நிறுத்தித் தலைக்கவசத்தின் முகக்கம்பிகள் எத்திசையில் உள்ளன என்று பார்த்தாலே இதை அறியலாம்.

காலைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். பக்கங்களிலிருந்து பாய்வோர் காவலரைச் சுற்றிக்கொண்டு வில்போல் வளைந்து வருவர். அவர்கள் குறிவைப்பது பந்தெறிவோன் முதலில் நின்ற இடத்தை. ஆகவே இரண்டு சிற்றடி முன்னே வைத்தால் அவ்விருவரும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவரையொருவர் மோதிக்கொள்வர். கண்ணுக்கு இது வீரமாகத் தோன்றாது. ஆபத்தை நோக்கிப் போவது போலவே இருக்கும். மனம் பின்னால் ஓடச் சொல்லும். பின்னால் ஓடுகிறவன் ஒவ்வோர் அடியிலும் ஒரு கஜம் இழக்கிறான். பிடிபட்டால் பதினைந்து கஜம் போய்விடும். நடுவிலிருந்தே எதிரி வந்தாலோ முன்னே அடிவைக்க இடமில்லை. பக்கவாட்டில் வழுக்கினாற்போல் ஓரடி நகர்ந்து, தோள்களைத் திருப்பாமல், உடனே எறியும் நிலைக்கு வர வேண்டும். அரங்கில் அமர்ந்திருப்போர் கைதட்டுவது நீண்ட ஓட்டத்திற்கே. தேர்வாளர் குறித்துக்கொள்வது இந்த ஓரடியை.

டாம் பிரேடியின் கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய அவர், 2000ஆம் ஆண்டில் நடந்த உடற்திறன் சோதனையில் 40 கஜத்தை 5.28 விநாடியில் ஓடினார். பந்தெறிவோருள்ளும் அது மிக மெதுவான ஓட்டம். அவ்வாண்டுத் தேர்வில் 199ஆம் இடத்தில்தான் நியூ இங்கிலாந்து அணி அவரை எடுத்தது. ஏழு முறை சங்கத்தின் வாகைப் பட்டத்தை வென்று, 45 வயதுவரை ஆடி ஓய்ந்தார். நாற்பது கஜம் நேராக ஓடும் வேகத்தைத் துல்லியமாக அளந்தவர்கள், நெருக்கடியின் நடுவே அரைக் கஜம் நகரும் திறமையை அளக்கவில்லை. அதற்குக் கடிகாரம் இல்லையே!

பிளிட்ஸ் வரும்போது செய்ய வேண்டியது வேறு. பாய்ந்து வருகிறவன் தான் காத்திருந்த இடத்தைக் காலியாக விட்டு வருகிறான். அந்தக் காலி இடத்திற்குள் ஒரு தோழன் திரும்புவான் என்று முன்பே திட்டமிருக்கும். எதிரி வந்த திசையிலேயே, அவன் தலைக்கு மேலாக, பந்தை உடனே விடுவதே மருந்து. இதைச் செய்கிறவனுக்கு அச்சம் இல்லாமலில்லை. விடை முன்பே தெரிந்திருக்கிறது. எதிரிகளும் இதை அறிந்து, பாய்வது போல் காட்டிப் பின்வாங்குவதும், பின்னால் நிற்பது போல் காட்டிப் பாய்வதும் உண்டு. சின்சினாட்டி அணியின் தடுப்பாட்டத்தை அமைத்த டிக் லெபோ 1980களில் இந்தத் தந்திரத்தைப் பெரிதாக வளர்த்தார். பாய்கிறவர் நால்வரே, ஆனால் அந்நால்வர் யாவர் என்பது கடைசிக் கணம் வரை தெரியாது. கல்லூரி மாணவன் காலி என்று நம்பி எறியும் இடத்தில், பின்வாங்கிய பருத்த வீரன் ஒருவன் கைநீட்டிப் பந்தைப் பற்றிக்கொள்வான்.

எதுவும் கைகூடாதபோது பந்தை எல்லைக்கு வெளியே எறிந்துவிடுவதும் ஒரு கலையே. அதற்கும் விதி உண்டு. காவலர் நின்ற பரப்பைவிட்டு ஓரத்திற்கு வந்தபின், பந்து தொடக்கக் கோட்டையேனும் எட்டும்படி எறிய வேண்டும். ஏட்டில் அது தவறிய எறிதல் என்று பதிவாகும். எறிவோனின் விழுக்காடு குறையும். அணிக்கோ எட்டுக் கஜம் மிச்சம். தன் விழுக்காட்டைக் காக்கும் பொருட்டுப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வீழ்கிறவனைவிட, அதைத் தியாகம் செய்து எறிந்துவிடுகிறவன் எனக்கு உயர்ந்தவனாகத் தோன்றுகிறான்.

இனி எண்களுக்கு வருவோம். இக்காலத்தில் ஒவ்வோர் ஆட்டத்தையும் பதிவு செய்து கணக்கெடுக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அவர்கள் தரும் கணக்குகளுள் பயனுள்ளது, நெருக்கப்பட்ட வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஸாக்கில் முடிந்தது என்பது. பொதுவாக ஐந்தில் ஒன்று என்பது நடுத்தரம். நான்கில் ஒன்றை எட்டினால் தேர்வாளர் புருவத்தைச் சுருக்குவர். காவலர் வரிசை மாறினாலும், அணியே மாறினாலும் இந்தப் பங்கு ஒருவனைப் பெரும்பாலும் தொடர்ந்து வருகிறது என்பது ஆய்வாளர் கண்டது. ஸாக் என்பது காவலர் குற்றம் என்னும் பழைய எண்ணத்தை இது பெரிதும் அசைத்துவிட்டது. இதற்கு மாறாக, நெருக்கத்தில் எறிந்த பந்துகளில் எத்தனை கைசேர்ந்தன என்ற கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது. நெருக்குதலற்ற வேளையில் அவன் எறியும் தரமே வருங்காலத்தை ஓரளவு நிலையாகக் காட்டுகிறது.

எண்ணைக் கண்டு மயங்குவதும் தகாது. ஒரு மாணவன் பருவத்தில் 120 முறை நெருக்கப்பட்டு 20 முறை வீழ்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒன்று, நன்று. இன்னும் ஐந்து முறை கால் இடறியிருந்தால் 25 ஆகி, ஐந்தில் ஒன்றைத் தாண்டிவிடும். அந்த ஐந்தும், மழை பெய்த ஒரே பிற்பகலில், ஒரே பலசாலியான எதிரணியிடம் நேர்ந்திருக்கலாம். வலிமையற்ற அணிகளோடு ஆடித் தேற்றிய எண்ணும், வலிமையுள்ள அணிகளோடு ஆடித் தேற்றிய எண்ணும் ஒரே மதிப்புடையன அல்ல.

கல்லூரிக் களத்திற்கும் தொழில்முறைக் களத்திற்கும் உள்ள வேறுபாடுகளும் எண்ணைத் திரிக்கின்றன. ஆடுகளத்தில் பந்து வைக்கப்படும் இரு கோடுகளுக்கிடையே கல்லூரியில் 40 அடி அகலம். தொழில்முறையில் பதினெட்டரை அடி. ஆகவே கல்லூரியில் ஒருபுறம் பரந்த வெளி கிடைக்கிறது. ஓட்டமா எறிதலா என்று எதிரி மயங்கும்படி, காவலர் கோட்டைக் கடந்து மூன்று கஜம்வரை போகக் கல்லூரி விதி இடமளிக்கிறது. தொழில்முறையில் ஒரு கஜமே. இச்சலுகைகளால் பந்து சட்டென்று கையைவிட்டுப் போய்விடும். நெருக்குதலே நேராத மாணவனுக்கு நெருக்குதலைச் சமாளிக்கத் தெரியும் என்று எதைக்கொண்டு சொல்வது?

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ பர்ரோவைக் குறித்து 2020இல் இந்த ஐயமே எழுந்தது. 2019 பருவத்தில் அவ்வணி 15 ஆட்டங்களிலும் வென்றது. அவர் எறிந்து பெற்ற இலக்குகள் 60. எதிரியிடம் இழந்தவை 6 மட்டுமே. அவருடைய காவலர் வரிசையோ அவ்வாண்டு நாட்டிலேயே சிறந்ததென்று ஜோ மூர் விருது பெற்றது. இது காவலரின் வெற்றியா, இவருடையதா? படத்தைப் பார்த்தவர்கள், காவல் உடைந்த சில வேளைகளில் அவர் பார்வை இறங்காததையும், சிற்றடியில் நகர்ந்து எறிந்ததையும் கண்டு ஆம் என்றனர். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது.

நிகழ்ந்தது என்ன? 2020 நவம்பரில் முழங்கால் சிதைந்தது. மீண்டு வந்த 2021 பருவத்தில் 51 முறை வீழ்த்தப்பட்டார். 2022 ஜனவரியில் டென்னஸி அணியோடு ஆடிய வெளியேற்றுச் சுற்று ஆட்டம் ஒன்றில் மட்டும் ஒன்பது முறை வீழ்ந்தார்; எனினும் 19-16 என்று அவர் அணியே வென்றது. அடுத்த மாதம் இறுதி ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் ஏழு முறை அவரை வீழ்த்தி 23-20 என்று பட்டத்தைப் பெற்றது. கண்ணைப் பற்றிய மதிப்பீடு பொய்க்கவில்லை. ஒன்பது முறை மண்ணில் விழுந்தபின் பத்தாம் முறையும் தொலைவையே பார்க்க எத்தனை பேரால் இயலும்? ஆனால் அந்தத் துணிவே அவரைப் பந்தைக் கூடுதல் நேரம் வைத்திருக்கச் செய்தது என்றும் கூறலாம். அணி அவருக்குத் தக்க காவலரைத் திரட்டுவதற்குள் அவர் உடல் விலை கொடுத்தது. மாணவனை மதிப்பிட்டவர்கள், அவனைச் சேர்க்கப் போகும் அணியையும் அதே கண்ணால் மதிப்பிட்டிருக்க வேண்டாமா?

2024ஆம் ஆண்டுத் தேர்வும் இதையே காட்டுகிறது. முதலாவதாகச் சிகாகோ அணி கேலப் வில்லியம்ஸையும், இரண்டாவதாக வாஷிங்டன் அணி ஜேடன் டேனியல்ஸையும் சேர்த்துக்கொண்டன. 2022, 2023ஆம் ஆண்டுகளில் கல்லூரி ஆட்டத்தின் உயர்ந்த விருதான ஹைஸ்மன் விருதை முறையே பெற்றவர்கள் இவர்கள். நெருக்கப்பட்டால் ஸாக்கில் முடிகிறது என்னும் குறை இருவரையும் பற்றிப் பேசப்பட்டது. முதல் பருவத்திலேயே வில்லியம்ஸ் 68 முறை வீழ்த்தப்பட்டார். நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். டேனியல்ஸோ தம் அணியை இறுதி ஆட்டத்துக்கு முந்திய சுற்றுவரை கொண்டுசென்று, புதியவருள் சிறந்தவர் என்ற விருதையும் பெற்றார். ஒரே குறை, இருவேறு விளைவு.

ஸாக்கைத் தவிர்ப்பதே முடிவான நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. டென்னஸி பல்கலைக்கழகத்திலிருந்து 1998இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேட்டன் மானிங், நெருக்குதல் வருமுன் பந்தை விடுவதில் வல்லவர். ஆனால் முதல் பருவத்தில் அவர் எறிந்த பந்துகளில் 28ஐ எதிரிகள் பற்றிக்கொண்டனர். புதியவர் எவரும் ஒரு பருவத்தில் அத்தனை இழந்ததில்லை. விரைவில் விடும் பழக்கத்தோடு பின்னர் கண்ணும் தேர்ந்தது. ஐந்து முறை சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். தாமதமாக விடுகிறவனை விரைவுபடுத்துவதைவிட, விரைந்து விடுகிறவனுக்குத் தெளிவு கற்பிப்பது எளிது என்று நான் கருதுகிறேன். மாறாகக் கருதுவோரும் உண்டு.

படமும் எண்ணும் பார்த்தபின் எஞ்சுவது நேர்முகம். 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரரை அழைத்து அளந்தும், ஓடவிட்டும், கேள்வி கேட்டும் சோதிக்கின்றனர். பல்லாண்டுகளாக அங்கு நடந்துவந்த எழுத்துமுறை அறிவுச் சோதனை ஒன்று 2022இல் கைவிடப்பட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது வினாக்களுக்கு விடையளிக்கும் சோதனை அது. பாயும் எதிரியின் முன் நிற்கும் நிதானத்தை அது காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. இதனினும் பயனுள்ள முறை ஒன்று உண்டு. சிறு அறையில் பயிற்சியாளர்கள் அமர்ந்து, இளைஞன் முன் அவனே வீழ்ந்த ஒரு படத்தை ஓட்டி நிறுத்துவர். எதிரிகள் எவ்வாறு நின்றனர், யார்மீது ஐயம் கொண்டாய், முதல் தோழன் மறிக்கப்பட்டதை எப்போது கண்டாய் என்று கேட்பர். சிலர் சுண்ணக்கோலை வாங்கி, இருபத்திரண்டு பேரையும் பலகையில் நிறுத்தி, ஆபத்து எங்கிருந்தது என்று தாமே வட்டமிட்டுக் காட்டுவர். சிலர் உடனே காவலன் ஒருவன் பெயரைச் சொல்வர். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன தமிழ்ச் சொல்லின் இரண்டாம் பொருள் இங்குதான் பயன்படுகிறது. அடுத்த படத்தை ஓட்டுமுன் பயிற்சியாளர் அதைத் தம் தாளில் குறித்துக்கொள்வார்.